கறுப்புக் கோட்டுக்காரன் யார்?

நனைத்துப் போட்ட மணலின் ஈர வாடையும், பக்கத்துக் களத்தில் காயும் கருவாட்டின் வீச்சமும், வறுத்த கடலையின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்குச் சினிமா பார்த்த மாதிரி இருக்கும். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் தேவிபட்டினத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டார்கள். தமிழ்ப் படப்பெட்டி வந்து சேராத ஒரு வாரத்தில், கைக்குக் கிடைத்த ஓர் இந்திப் படத்தை முதலாளி ஓட்டிவிட்டார்.

ஊரில் இந்தி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பள்ளிக்கூடத்து இந்தி வாத்தியார்; இன்னொருவர் பம்பாயில் இருந்துவிட்டு வந்த எங்கள் பக்கத்து வீட்டுச் சைனம்பு மாமி. நடுவில் கட்டிய தட்டிக்கு அந்தப்புறம் ஆண்களுக்கு வாத்தியாரும், இந்தப்புறம் பெண்களுக்கு மாமியும் கதை சொன்னார்கள். இசைச் சத்தத்தில் ஒரு பக்கத்துக் கதை மறு பக்கத்துக்குக் கேட்கவில்லை.

வினை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"கறுப்புக் கோட்டுக்காரன் சி.ஐ.டி.ன்னு தெரிஞ்சதும் அந்தப் புள்ளைக்கு எம்புட்டுச் சந்தோசம்!" என்றாள் அம்மா.

"சி.ஐ.டி.யா? அவந்தானடி கொலகாரன். சொத்துக்காகத்தான் அவளச் சுத்துறான்" என்றார் அய்யா.

"நல்லவனப் போயிக் கொலகாரங்குற மனுசனுக்கு என் கையால சோறு கெடையாது" என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். தெரு முழுக்க இதே சண்டை. மூன்று நாள் ஆண்களெல்லாம் டீக்கடை "ரொட்டி"யில் உயிர் வாழ்ந்தார்கள். பொறுக்க முடியாமல் அய்யா, மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் வாத்தியாரையும் மாமியையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்பதென்று முடிவு செய்தார்.

அன்று மாலை மாமி வீட்டுக்குள் அவர் மகளோடு நான் சோழி விளையாடிக்கொண்டிருந்தபோது வாத்தியார் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, நான் புத்தகத்துல படிச்ச இந்திதான். அவங்க பேசுற வேகத்துல ஒரு எழவும் வெளங்கல. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அல்லா மேல ஆணையா அண்ணே, பம்பாயில நான் இருந்ததே ஆறு மாசம். எங்க வீட்டுக்காரவுக என்னைய உள்ள வச்சு வீட்டப் பூட்டிட்டுப் போவாக. எனக்குத் தெரிஞ்ச இந்தி 'பானி', 'ரொட்டி' ரெண்டுதான்."

பிறகுதான் நாங்கள் இருப்பதைக் கவனித்தார்கள். எங்கள் வாய் நிறையத் "தொதல்" என்ற தேங்காய்ப்பால் அல்வா திணிக்கப்பட்டது.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ரெண்டு கதையும் சரிதான். கோட்டுக்காரன் ஒருத்தன் இல்ல, ரெட்டைப் பிள்ளைக. ஒருத்தன் கொலகாரன், ஒருத்தன் சி.ஐ.டி."

"அதத்தானே நானும் சொன்னேன்" என்றார் மாமி.

எந்தக் காட்சியில் எவன் வருகிறான் என்று கண்டுபிடிக்க ஊரே மறுபடி கொட்டகைக்குப் போனது. அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வாத்தியாரும் மாமியும் காலமாகிவிட்டார்கள். சென்ற மாதம் அந்தப் படம் தமிழ் எழுத்தோடு தொலைக்காட்சியில் ஓடியது. கோட்டுக்காரன் கொலைகாரனும் இல்லை, சி.ஐ.டி.யும் இல்லை, ரயிலில் கோட்டு மாறிப்போனதால் மாட்டிக்கொண்ட ஓர் அப்பாவிப் பாட்டுக்காரன். தொதலுக்கு விலைபோன என் வாய் அறுபது வருடம் கழித்துத் திறந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே ஓடிய எழுத்துகளை அம்மா கடைசிவரை படித்தாள்.

"போடி, இத எழுதுனவனுக்கு இந்தியே தெரியல" என்றாள்.