கத்துவது என் வேலை

வெளிநாட்டுக் கிராமங்களுக்கு மனித உரிமைப் பார்வையாளர்களாகப் போக விரும்புகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் குழுவில், கத்துவது என் வேலை. வீட்டில் என் குரலைப் பற்றி ஏகப்பட்ட புகார் உண்டு. கொல்லங்கோட்டில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் கல்யாண மண்டபத்தில் மட்டும்தான் அதற்கு மரியாதை. துப்பாக்கிக்காரன் வேஷம் எப்போதும் எனக்குத்தான்.

பார்வையாளர் வேலை கேட்பதற்கு எளிது. கடல் தாண்டி ஏதோ ஒரு மலைக் கிராமத்தில், நிலத்தை விட்டுப் போகச் சொல்லி மிரட்டப்படும் விவசாயியின் கூடவே இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கும். சண்டை போடக் கூடாது, வாதாடக் கூடாது, விட்டு நகரவும் கூடாது. இதை நடித்துப் பார்ப்பதுதான் தேர்வு. எலப்புள்ளியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் விவசாயியாக நிற்பார், நான் வழிமறித்துக் கத்துவேன்.

அந்த முறை வந்தவர்களில் ஒருவர் எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் என் மூக்குக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். என் கையில் நிஜத் துப்பாக்கி இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். மிச்சமிருந்த ஒரே இடத்தை, இடுக்கியிலிருந்து வந்த ஒரு நர்ஸுக்கென்று நான் மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். ஏன் போக ஆசை என்று கேட்டோம்.

“சின்ன வயசுல எங்க சாமானையெல்லாம் லயத்துக்கு வெளிய தூக்கி வச்சாங்க மேடம். அக்கம்பக்கத்துல எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டாங்க. பயம், வேற என்ன. ஒருத்தராவது வந்து பக்கத்துல நின்னுருந்தா எங்கம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டாங்க.”

அவள் முறை வந்தது. “ஏய், தள்ளு அந்தப் பக்கம்!” என்றேன். அவ்வளவுதான். விறுவிறுவென்று ஒதுங்கிப் போய்த் தலைகுனிந்து நின்றாள். கண்டக்டர் என் முன்னால் தன்னந்தனியாக விழித்தார். எனக்கு வேஷமெல்லாம் மறந்து நிஜக் கோபமே வந்துவிட்டது.

“கத்துனா காலு தானா நகருது மேடம்,” என்றாள். கண் நிறைந்திருந்தது. “சூப்பர்வைசர் சத்தத்துலயே வளந்துட்டேன். இன்னொரு தடவ கத்துங்க.”

பாவம் பார்த்து அனுப்புகிற வேலை இல்லை இது. அங்கே போய் அவள் கால் நகர்ந்தால், ஒரு மனிதர் தனியாக மாட்டிக்கொள்வார். நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கண்டக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “காலைல சொல்லாம கொள்ளாம ஒருக்கா பாத்தரலாமுங்க,” என்றார்.

மறுநாள் மூவரும் மண்டபத்துக்கு எதிரே இருந்த ராவுத்தர் கடைக்கு டீ குடிக்கப் போனோம். கண்டக்டர் கிளாஸை வாங்கியதும் அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். “உனக்கென்ன வேலை இங்க? ஏய், நீ தள்ளு!” என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கால் பின்னால் போனது. போன கால் திரும்பி வந்தது. கண்டக்டரை ஒட்டி நின்றாள்.

“நான் இவர்கூட வந்திருக்கேன். இவர் போற வரைக்கும் இங்கதான் நிப்பேன்.”

பாவம், ராவுத்தருக்கு இது தேர்வு என்று தெரியாது. கரண்டியோடு வெளியே வந்தார். “ஏனுங்கக்கா, காலங்காத்தால ஒரு புள்ளகிட்ட இப்படியா கத்தறது? நீ உள்ள வந்து உக்காரு கண்ணு.” நாங்கள் வைக்காத பரீட்சையை அவர் வைத்துவிட்டார். மிரட்டலுக்கு நகராதவர்கள் அன்புக்கு நகர்ந்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

காலரை விட்டேன். “தேறிட்டம்மா, உக்காரு,” என்றேன். விஷயத்தைக் கேட்ட ராவுத்தர் எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டினார். அவளுக்கு மட்டும் சூடாக ஒரு பழம்பொரி கொண்டுவந்து வைத்தார்.

அவள் உட்காரவில்லை. கண்டக்டர் நின்றபடியே காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அவர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான மேடம் இருக்கார்?” என்றாள்.

கண்டக்டர் அவசர அவசரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள்.