சொட்டு மாஸ்டரின் புதுத் தொண்டை

பேருந்துப் பணிமனை கேன்டீனில் எல்லோரும் அவரைச் சொட்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பில் எது கொதித்தாலும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நக்கி விழுங்கிப் பார்த்த பிறகே இறக்குவார். பெரிய சமையற்காரர் என்றால் அது மிகை. கவனமான சமையற்காரர் என்பதே சரி. அவர் கைப்பட இறக்கியதில் உப்பு சரியில்லை என்று எந்த மெக்கானிக்கும் தட்டைத் தள்ளியதில்லை.

புற்றுநோய் வந்து, குரல்வளையையும் உணவுக்குழாயின் மேல்பகுதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடத்தில் அவருடைய சிறுகுடலிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்து, மேலும் கீழும் தைத்து, அதன் மெல்லிய ரத்தக்குழாய்களைக் கழுத்தின் ரத்தக்குழாய்களோடு இணைத்தார்கள். அதன்பின் மூச்சு, கழுத்தில் போட்ட துளை வழியாக. சாப்பாடு, வயிற்றில் செருகிய குழாய் வழியாக. பேச்சு இல்லை.

தையல் ஆறும்வரை எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறியதும் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு திரவத்தைக் குடிக்கவைத்துப் பார்ப்பார்கள். கசிவு இருந்தால் மறுபடி கழுத்தைத் திறக்க நேரலாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மனைவிக்குச் சரியான தூக்கமில்லை.

சோதனைக்கு முந்தின நாள், கேன்டீனில் மாஸ்டருக்குக் கைத்துணையாக இருந்தவன், மனைவியின் தம்பி, குழாயில் விடுவதற்காகக் காய்கறிச் சாறு வடிகட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். சூடு சரியாக இருக்கிறதா, கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று மனைவி நீட்டினார். மாஸ்டர் ஸ்பூனை எடுத்தார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார், நக்கினார். தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது.

"என்னங்க பண்ணீங்க? துப்புங்க, துப்புங்க" என்று மனைவி பதறினார். துப்ப ஒன்றும் மிச்சமில்லை.

"ஒரு சொட்டுதானேக்கா" என்றான் தம்பி.

"நீ வாயை மூடு. கொண்டுவந்த லட்சணம் போதும்."

மாஸ்டர் தம்பியைப் பார்த்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார். உப்பு குறைவாம்.

"உங்க உயிருக்கு நான் மன்றாடிட்டு இருக்கேன், உங்களுக்கு உப்பு கேக்குதா?" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் சொல்லி டாக்டர் வந்தார். கழுத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார், வீக்கமில்லை, காய்ச்சலில்லை. நாளைக்குப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அவர் திட்டாமல் போனதுதான் மனைவியை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாள் எக்ஸ்ரே அறையில் மாஸ்டர் திரவத்தை வாயில் வாங்கிக்கொண்டார். விழுங்கச் சொன்னார்கள். முடியவில்லை. கன்னம் உப்ப, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். விழுங்குவது நாம் செய்கிற காரியமா, நமக்குள் நடக்கிற காரியமா என்பது சாதாரணமாக யாருக்கும் எழாத கேள்வி. வேண்டாத நேரத்தில் தானாக நடந்தது, வேண்டி நிற்கும்போது எங்கோ ஒளிந்துகொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து கேக்காமலே விழுங்கினீங்க. இன்னைக்குக் கெஞ்சினாலும் மாட்டேங்கறீங்களே" என்றார் டாக்டர்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது, கழுத்துத் துளையில் காற்று சீறியது. அந்தக் குலுக்கலில் வாயிலிருந்தது உள்ளே போயிற்று. திரையில் ஒரு கோடு இறங்கியது. குடல் துண்டுக்குள் வந்ததும் கொஞ்சம் தயங்கி நெளிந்தது; இடம் மாறினாலும் குடல் தன் புத்தியை விடவில்லை. பிறகு நேராகக் கீழே போனது. பக்கவாட்டில் ஒரு துளியும் ஒதுங்கவில்லை.

"கசிவு இல்லம்மா. நல்லா ஒட்டியிருக்கு."

மனைவி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று மாலை தண்ணீர் குடிக்க அனுமதி கிடைத்தது. மாஸ்டர் ஒவ்வொரு வாயாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் மனைவியின் கண் அவர் கழுத்திலேயே நின்றது. டம்ளர் பாதியானபோது அந்தப் பார்வை தானாகத் தளர்ந்தது. மீதியை மாஸ்டர் குடித்துக்கொண்டிருக்க, வீட்டு மோட்டாரை அணைத்தாயா என்று மனைவி தம்பியை விசாரித்துக்கொண்டிருந்தார்.