அக்கா தைத்த சிவப்புக் கோட்டு

வீடியோ கேம் கம்பெனியில் பாத்திரங்களுக்கு உடை வரைவதுதான் அவள் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வராது, எல்லோருக்கும் பொத்தானக்காதான். யாராவது காஜா போடாமல் பொத்தானை மட்டும் வரைந்துவிட்டால், "இத எப்படி மாட்டுவான், கோந்து தடவியா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவாள்.

புது கேமின் நாயகனுக்கு அவள் ஒரு சிவப்புக் கோட்டு வரைந்திருந்தாள். கதையில் அவன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அக்கா தன் கையால் தைத்துக் கொடுப்பது. அதைப் பார்த்ததும் சேல்ஸ் மேனேஜருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"இதைக் கடையில வெச்சிடலாம்" என்றார். கடை என்றால் கேமுக்குள்ளேயே இருக்கும் கடை. முழு விலை கொடுத்து கேம் வாங்கியவன், நல்ல உடை வேண்டுமென்றால் அங்கே தனியாகக் காசு கொடுக்க வேண்டும். "கட்டாயம் ஒண்ணும் இல்லையே? வேணுங்கிறவன் வாங்கட்டும். சும்மா குடுக்கிறதுக்கு ஒரு சாம்பல் கலர் அங்கி போதும். மட்டமாவே இருக்கட்டும், அப்பதான் கோட்டு மேல ஆசை வரும்."

வந்ததே கோபம் அவளுக்கு! கோணியைத் தலைவழியாக மாட்டியது போல ஓர் அங்கி வரைந்தாள். கோட்டைக் கதையிலிருந்து எடுத்துக் கடையில் வைத்தாள். சொன்னதை மட்டும் செய்தாள். வேறெதையும் தொடவில்லை.

முதலாளியம்மாவுக்கு கேமைப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. பெரிய திரையில் அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். "உனக்காகப் பாத்துப் பாத்துத் தெச்சேண்டா" என்று கண் கலங்க இரண்டு கையையும் நீட்டினாள். கையில் ஒன்றுமே இல்லை. தம்பி அந்த ஒன்றுமில்லாததை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோணியோடு கிளம்பினான். அறையே கொல்லென்று சிரித்தது.

மேனேஜர் சமாளித்தார். "ஒரு பொட்டலமா குடுக்கட்டும் மேடம். பிரிச்சா, 'கோட்டு கடையில் கிடைக்கும்'னு உள்ள எழுதியிருக்கட்டும்."

"அக்கா குடுக்கிறதுக்குத் தம்பி பில் கட்டணுமா சார்?" பொத்தானக்கா எழுந்தே விட்டாள். "மேடம், எனக்குக் கடை மேல கோபமே இல்ல. நானே எத்தனையோ கேம்ல தொப்பியா வாங்கித் தள்ளியிருக்கேன். றெக்கை, கிரீடம், வாலு, எது வேணும்னாலும் வரைஞ்சு தரேன், வித்துக்கோங்க. வீட்டுல இருக்கிறதத் தூக்கிட்டுப் போய்க் கடை போடாதீங்க. அந்தக் கோட்டு போனா நானும் போறேன்."

திரையில் அந்த வெறும் கைகள் அப்படியே நின்றிருந்தன. முதலாளியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கோட்டை அந்த அக்கா கையிலயே குடுங்க" என்றார்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப கடையில எதை வெக்கிறது?"

"அதான் கோணி இருக்கே" என்றாள் பொத்தானக்கா. வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். அவர் நிஜமாகவே வைத்துவிட்டார்.

கேம் வெளிவந்தது. கடையில் றெக்கை, கிரீடம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அந்தக் கோணிதான். கோணியோடு போய் அரக்கனை அடித்தால் அது தனி கெத்தாம். எல்லாம் தன் யோசனைதான் என்று மேனேஜர் மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் அவளுடைய சொந்தத் தம்பி போன் செய்தான். "அக்கா, அந்தக் கோணி நீ வரைஞ்சதாமே? வாங்கிட்டேன்!"

"அடப்பாவி, கோட்டு என்னடா ஆச்சு?"

"அது பெட்டியில பத்திரமா இருக்கு. அக்கா தெச்சது, சண்டையில கிழிஞ்சிட்டா?"

"கேம்ல எங்கடா கிழியும், லூசு" என்றாள். சொன்னாளே தவிர, போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.