வெயிலுகந்தாளைத் தேடி வந்தவர்

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் கூலிக்குப் போகிறவர்களுக்கு மழைதான் எதிரி. ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போகும், வேலையும் போகும். அதனால் தளவாய் குடும்பத்தார் கும்பிட்ட அம்மன் கூரையில்லாமல் வெட்டவெளியில் நின்றாள். பெயரே வெயிலுகந்த அம்மன், வெயிலை விரும்பி ஏற்றவள். நல்ல வெயில் அடித்து, நல்ல உப்பு விளைந்த ஒரு வருஷத்தில் மகள் பிறந்தபோது தளவாய் அம்மன் பெயரையே அவளுக்கும் வைத்தார்: வெயிலுகந்தாள். வீட்டில் கூப்பிடுவது வெயிலு.

1995-இல், இருபது வயதில், அவள் தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தாள். ஒரு வருஷம் கீழ்த்தளத்தில் துண்டும் லுங்கியும் எடுத்துப் போட்டபோது அவள் பெயரை யாரும் பொருட்படுத்தவில்லை. பட்டுச்சேலை மாடிக்கு மாற்றிய அன்றுதான் வினை பிடித்தது.

அந்த மாடிக்கு சூப்பர்வைசர் ஜவஹர். அவனும் அவள் பக்கத்து ஊர்க்காரன்தான்.

"ஆளும் கருப்பு, பேரும் வெயிலாம். இதை வாசிச்சிட்டு எவ பட்டு எடுப்பா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு, ஒரு பேட்ஜை அவள் பக்கம் விட்டெறிந்தான். அதில் 'பூஜா' என்று இருந்தது.

"எனக்குப் பேரு இருக்கு அண்ணாச்சி."

"அதை ஊர்ல வச்சுக்க. இங்க நான் வைக்கதுதான் பேரு."

மூன்று நாள் பேட்ஜைக் குத்தாமலே நின்றாள். நான்காம் நாள் அவன் அவளைச் சாப்பாட்டுக்கு விடவில்லை. ஐந்தாம் நாள் குத்திக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் திரும்பமாட்டாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மயிலாப்பூர் மாமி ஒருத்தி கோபித்துக்கொண்டாள். "ஏம்மா பூஜா, நாலு வாட்டி கூப்டுட்டேன், காதுல விழலையா?"

"அது என் பேரு இல்லம்மா. வெயிலுகந்தாள்."

"அப்டின்னா என்ன அர்த்தம்?"

உப்பளத்தையும் அம்மனையும் பற்றி அவள் சொல்லச் சொல்ல மாமி கேட்டுக்கொண்டே நின்றாள். பின்னால் ஜவஹரும் கேட்டுக்கொண்டு நின்றான். மாமி போனதும், "உன் திமிருக்கு ஒருநாள் இருக்குட்டி" என்றான்.

அடுத்த வாரம், படியேறப் போனவளை வாட்ச்மேன் நிறுத்தினான்.

"ஏம்மா, நீ தூத்துக்குடிதானே? முந்தாநேத்து ஒரு பெரியவர் வந்து வெயிலுன்னு இன்னாவோ பேரு சொல்லிக் கேட்டாரு. சூப்பர்வைசர் வந்து அப்டி யாரும் இங்க இல்லன்னுட்டாரு. ரொம்ப நேரம் வாசல்லயே குந்திகினு இருந்தாரு, பாவம்."

நேரே மாடிக்குப் போனாள்.

"எங்கப்பாவை ஏன் திருப்பி அனுப்புனீக?"

ஜவஹர் சேலை மடிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவரு கேட்ட பேர்ல இங்க ஆளு இல்ல. நெஞ்சுல குத்தியிருக்கதை வாசிச்சுப் பாரு."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊர்க் கடைக்குப் போன் போட்டு அப்பாவைப் பேச வரவழைத்தாள். திடீரென்று ஒரு வரன் அமைந்து, கையோடு கூட்டிப்போகத்தான் அவர் ரயிலேறியிருந்தார்.

"என் மவ பேர்ல அங்க ஆளே இல்லன்னுட்டாவ" என்றார். "ஒரு வருசமா எங்க இருந்துட்டி காயிதம் போட்ட? எவன் கூட இருக்க?"

அவள் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். மகள் ஓடிப்போனாள் என்று அதற்குள் ஊரெல்லாம் பரவி, மாப்பிள்ளை வீட்டாரும் விலகியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக் கூட்டம் கடைக்குள் நெரிந்தது. தொலைந்த பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கிற மைக் கீழ்த்தளத்தில் இருந்தது. வெயிலுகந்தாள் அதைக் கையிலெடுத்தாள்.

"என் பேரு வெயிலுகந்தாள். அப்பா பேரு தளவாய். இந்தக் கடையில பட்டு மாடியில வேலை பாக்கேன். என்னைத் தேடி வந்த எங்கப்பாகிட்ட, அப்படி ஒருத்தி இங்க இல்லன்னு சூப்பர்வைசர் ஜவஹர் பொய் சொன்னான். இந்தா இருக்கேன்."

நாலு மாடியிலும் கேட்டது. ஜவஹர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்குவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். முதலாளி அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அவள் கேட்டபடியே, இந்தக் கடையில் ஒரு வருஷம் வேலை பார்த்தாள் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதே கையோடு வேலையை விட்டும் நிறுத்தினார். ஜவஹரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தாளைப் பதிவுத் தபாலில் ஊருக்கு அனுப்பினாள். பத்து நாளில் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "வீட்டுக்கு வா." வேறொன்றும் இல்லை. ஜவஹர் பகைத்தவன், அவன் அப்படித்தான் செய்வான். பெற்று, பெயரும் வைத்தவர், அவளுடைய ஒரு வருஷத்துக் கடிதங்களை விட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவன் பேச்சை நம்பினாரே, அதை அவளால் பொறுக்க முடியவில்லை. 'வரமாட்டேன்' என்று பதில் எழுதினாள்.

பாண்டி பஜாரில் நஸ்ருன்னிசா என்பவர் வைத்திருந்த ஜாக்கெட் துணிக் கடையில் சேர்ந்தாள். அங்கே பேட்ஜ் கிடையாது. 1999-இல் அதே தெருவில் தையல் கடை வைத்திருந்த மகேஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை கிடைத்து அப்பா வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், தாலி கட்டியதும் எழுந்தார், சாப்பிடாமலே படியிறங்கினார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை.