வெள்ளிக்கிழமைகளில் வராத நோவு

என் மச்சாள் யதுஷா தன் உடம்பு வருத்தத்தைத் தானே கண்டுபிடித்தவள். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் என் தம்பியும் ஒரு டொக்டரும் சேர்ந்து "வாய்வு" என்று சொல்லி மூடிவிட்ட விஷயத்தை, கைப்பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அவள் துருவித் துருவிப் பார்த்தாள். கதையை நான் சொல்வதுதான் முறை, ஏனென்றால் அதில் பெரிய குற்றவாளி நானே.

யதுஷா என் தம்பி கார்த்திகனின் மனைவி. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் ஃபிளாற். மூன்றாம் மாடியில் அவர்கள், நாலாம் மாடியில் நானும் என் கணவரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குத் தண்ணீர் மோட்டர் விற்கிற ஒரு கொம்பனியில், முறைப்பாட்டுப் பிரிவில் வேலை. மோட்டர் நின்றுவிட்டது என்று கோல் எடுத்துக் கத்துகிற சனத்திடம் தமிழிலும் சிங்களத்திலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "நிக்கிறதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" ஒருமுறை என் கிரைண்டர் நின்றுபோனது. அதே கேள்வியை என்னிடம் ஏழு தரம் கேட்டு, நான் அதற்குள் கருப்பட்டியைப் போட்டு அரைத்ததை வாயில் இருந்து பிடுங்கிவிட்டாள். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும், இவளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று.

சென்ற வைகாசியில் அவளுக்கு மகன் பிறந்தான். அவளுடைய அம்மா கனடாவில் முழங்கால் ஒப்பரேஷன் செய்து படுத்திருந்ததால் பத்தியம் பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானே பாய்ந்து எடுத்துக்கொண்டேன். புறக்கோட்டைக்குப் போய் அஷ்ரப் நானாவின் கடையில் நின்று, மிளகு, கொத்தமல்லி, வேர்க்கொம்பு என்று சரக்குச் சாமான் எல்லாம் பொறுக்கி வாங்கினேன். நல்லெண்ணெய் ஐந்து போத்தல். சரக்கரைத்த கறி, பால்சுறா வறை, நல்லெண்ணெயில் மிதக்க மிதக்கப் பொரித்த முட்டை. பிள்ளை பெற்றவளுக்கு நல்லெண்ணெய்தான் மருந்து, அது உள்ளே போனால்தான் வயிற்றுப்புண் ஆறும், பால் ஊறும் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, வலது பக்க விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்தாள். நோவு முதுகுக்கு ஏறி, வலது தோளுக்குள் போய் நின்றதாம். நான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டது. மூன்று நாளில் திரும்ப வந்தது. டொக்டரிடம் போனோம். கேஸ்ட்ரிக் என்று சொல்லிக் குளிசை தந்தார். எனக்குப் பெரிய சந்தோஷம், நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார். வாய்வு அடங்கட்டும் என்று எண்ணெயை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

நாலாம் தரம் வந்தபோது அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். முழங்கால் மடிந்துவிட்டது. எப்படியோ கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் நிலத்தில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் நின்றபடி பிள்ளையைத் தூக்கவே இல்லை. நிலத்தில் பாய் போட்டு இருந்துதான் வாங்குவாள், இருந்துதான் பால் கொடுப்பாள். அவன் கத்தினாலும் "மச்சாள், ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்பாள். கை நழுவி அவன் விழுந்துவிடுவான் என்ற பயம் அவளுக்கு. என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. பெற்ற பிள்ளையைத் தூக்க மனமில்லாத தாய்.

நான் தம்பியைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "கார்த்தி, யதுவுக்கு மனசு சரியில்லை போல கிடக்கு. பிள்ளை கொஞ்ச நாளைக்கு மேலே என்னோட இருக்கட்டும். பால் குடுக்கிற நேரம் கொண்டுவந்து விடுறன்."

உண்மையைச் சொல்கிறேன். அதில் பாதி அக்கறை, பாதி ஆசை. அவன் படுக்கைக்கென்று மேலே ஒரு சின்ன நுளம்புவலை கூட வாங்கிவிட்டேன்.

கார்த்திகன் சம்மதித்துவிட்டான். யதுஷாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "ஒரு கிழமை தாங்கோ. இது என்னெண்டு நான் பிடிக்கிறன். பிடிக்கேலாட்டி பிள்ளையை மேலே கொண்டுபோங்கோ" என்றாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை என்று பேசி முடித்தோம்.

இதற்கு முன்பே நான் அவளுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தேன். தாய் சாப்பிடுவதுதான் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து, ஆகவே நீர் சாப்பிட்டதையும் அவன் அழுததையும் எழுதி வையும் என்று. வேலையிடத்து முறைப்பாட்டுப் படிவக் கட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில்தான் எழுதினாள். நேரம், முறைப்பாடு, அதற்கு முதல் நடந்தது. பிள்ளையின் அழுகைக்கு நடுவே தனக்கு நோவு வந்த நேரங்களுக்கும் ஒரு புள்ளடி போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இருந்து கோல். "மச்சாள், உடன வாங்கோ." நான் பதறியடித்துப் படியால் இறங்கினேன். பாய் முழுக்கப் படிவங்கள். நடுவில் அவள், சீப்பால் தலை கூட இழுக்காமல், கண் இரண்டும் மின்ன.

"பிள்ளை அழுததுக்கும் என்ர சாப்பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் தன்ர பாட்டுக்கு அழுறார். ஆனா என்ர நோவைப் பாருங்கோ. ஒன்பது தரம் வந்திருக்கு. திங்கள், புதன், சனி, எல்லா நாளும் கிடக்கு. ஒரு வெள்ளிக்கிழமை கூட இல்லை."

"வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போறனான். பிள்ளையார் பாக்கிறார்" என்றேன்.

"அப்ப வாய்வுக்கும் வெள்ளிக்கிழமை லீவோ, மச்சாள்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். முட்டை இல்லை, சுறா இல்லை. கோயிலால் வந்து அவசரத்தில் நான் சோறும் பருப்பும் கீரையும் இறக்கிவிடுவேன், தாளிக்கக்கூட நேரம் இருக்காது. "நாளையில இருந்து நாலு நாளைக்கு எனக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

திங்கள் நோவு இல்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. அவள் முகம் தெளிந்துகொண்டு வர, என் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐந்து போத்தல் நல்லெண்ணெய் நஞ்சா? என் கைச் சமையலா இவளைப் படுத்தியது? அது போகட்டும், இப்படி வறண்ட சாப்பாடு சாப்பிட்டால் பால் வற்றிப் பிள்ளை என்ன ஆவது? வியாழக்கிழமை கீரை கடையும்போது அரைக் கோப்பை நல்லெண்ணெயை ஊற்றி, தெரியாமல் போகும்வரை கடைந்தேன். வாசம் காட்டிக் கொடுக்காமல் இருக்க உள்ளி கூடப் போட்டேன். அவள் நல்ல பசியில் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு வந்தது. முன்பு வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. சத்தி எடுத்தாள், வியர்த்துக் கொட்டியது, சுவரில் தலையை முட்டுக்கொடுத்தபடி முனகினாள். கார்த்திகன் அன்றைக்கு வீட்டில் இருந்தே வேலை செய்துகொண்டிருந்தான். ஓடிவந்து அவளைப் பிடித்தான். பிள்ளை என் கையில்.

"யது, நான் சொல்லுறதைக் கேளும். இண்டைக்கு எண்ணெயும் இல்லை, முட்டையும் இல்லை. பிறகு ஏன் வந்தது? சாப்பாடு இல்லையம்மா. நாளைக்கு வேற டொக்டரிட்டப் போய் மனசுக்குத்தான் மருந்து எடுக்கோணும். பிள்ளை அக்காவோட இருக்கட்டும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், இண்டைக்குச் சமைச்சது நேற்றைய மாதிரித்தானே?"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பிள்ளை என் தோளில் நித்திரை, அவனுடைய மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஓம் என்றால் அவன் எனக்கு. அவளுடைய கணக்கு பிழைத்துப் போகும், இனி யாரும் அவளை நம்பமாட்டார்கள், அவளே தன்னை நம்பமாட்டாள்.

"இல்லை" என்றேன். "கீரைக்குள்ள நல்லெண்ணெய் விட்டனான்."

கார்த்திகன் வாயைப் பிளந்தான். அவளோ, அந்த நோவுக்குள்ளும், சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள்.

"எவ்வளவு?"

"அரைக் கோப்பை."

"நான் சாப்பிட்டது ஒரு மணிக்கு" என்று பல்லைக் கடித்தபடி கார்த்திகனிடம் சொன்னாள். "எழுதுங்கோ. மூண்டுக்கு வந்தது. ரெண்டு மணித்தியாலம். எனக்குத் தெரியாமலே வந்திருக்கு, கார்த்தி. மனசுக்கு எண்ணெய் விட்டது தெரியுமோ?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும், எங்காவது ஓடி ஒளியவும் வேண்டும் போல இருந்தது.

த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மடியில் பிள்ளை, அவள் கையில் படிவக் கட்டு. அங்கே இருந்த இளம் டொக்டர் அதை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிறகு வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் அவள் நின்றுபோனாள். டொக்டர் தலையை ஆட்டினார். கண் மஞ்சளா, காய்ச்சல் இருந்ததா, சிறுநீர் கறுத்துப் போனதா என்று கேட்டார். இல்லை என்றோம். "நல்ல வேளை, அதெல்லாம் வர முதல் வந்திட்டீங்கள்" என்றார்.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு ஸ்கேன். ஸ்கேன் எடுத்த பெண் திரையைக் காட்டி, "கல் தியெனவா, ஹதரக்" என்றார். சிங்களத்திலும் கல்லுக்குக் கல்தான். பித்தப்பைக்குள் நாலு கல், கடலைப் பருமன். நான் அந்த இடத்திலேயே கைதட்டிவிட்டேன். தாதி என்னை முறைத்துப் பார்த்தா. மச்சாளுக்குக் கல்லென்று கேட்டுக் கைதட்டுகிற மச்சாளை அவ கண்டிருக்கமாட்டா.

டொக்டர் விளக்கினார். பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்தில் பித்தம் தடித்துப்போகும், பையும் சோம்பிப்போகும், அதனால் கல் உண்டாவது வழமையாம். பிள்ளை பெற்ற பெண்கள் கன பேர் இதை வாய்வு என்றே நினைத்து மாதக்கணக்கில் இருந்துவிடுவார்களாம். எண்ணெயும் கொழுப்பும் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், வாசலில் கல் அடைக்கும், நோவு வரும். "எண்ணெய் கல்லை உண்டாக்கேல்லை, அம்மா. கல் ஏற்கெனவே இருந்தது. நீங்கள் அதைத் தட்டித் தட்டி எழுப்பினீங்கள்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஆறுதலை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

காலி வீதி என்கிற பெரிய தெருவுக்கு வந்ததும் நான் கனடாவுக்குக் கோல் எடுத்து, பஸ் சத்தத்துக்கு மேலால் கத்தினேன். "உங்கட மகள் கண்டுபிடிச்சிட்டா. தானே கண்டுபிடிச்சிட்டா." தாய் அழுதா. யதுஷா பின்னால் நின்று, "மச்சாள், கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, முழு வெள்ளவத்தையும் கேக்குது" என்றாள்.

அடுத்த கிழமையே சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அன்று பின்னேரமே பால் கொடுத்தாள். இரண்டு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவரை பிள்ளையை எடுத்துக் கொடுத்தது நான். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பேன், வராது.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக் போய் வந்தாள். இனித் தூக்கலாமாம். கதவால் உள்ளே வந்தவள் செருப்பைக் கழற்றியதும் பாய்க்குப் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, நின்றபடியே கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். குசினிக்கு, அறைக்கு, பல்கனிக்கு. காணாமல் கண்டது மாதிரி அவன் தலைமயிரை முகர்ந்தாள். என் கை இரண்டும் வெறுமையாகிவிட்டன. அது எனக்கு நொந்தது, பொய் சொல்லமாட்டேன். அழுதும்விட்டேன். ஆனால் அந்த அழுகையில் சந்தோஷம்தான் கூட.

பத்து நிமிடம் போயிருக்கும். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் வடிவா முழுகி கனநாள், மச்சாள். ஒரு மணித்தியாலம் எடுக்கும். இவரை மேலே உங்கட வீட்டுக்குக் கொண்டுபோங்கோ."

பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.