ஒற்றைக் குரல் பிளேட்டு

சாயந்தரம் நாலு மணிக்குச் சதக் காக்கா, நெய்னா முகம்மதுவின் டீக்கடையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே கேட்டுக்கொண்டிருப்பார். கீழக்கரையில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை. நானும் செய்திருக்கிறேன். பகலெல்லாம் சரக்குக் கிட்டங்கியில் சங்கு தரம் பிரிக்கிற கை அவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்தால் நம் டீயிலும் சங்கு வாடை வரும்.

கிராமபோனில் ஓர் அடி பாடுவார். பிறகு ஒன்றும் இராது. ஊசி கரகரக்கும், வெளியே கடல் இரையும். அப்புறம்தான் அடுத்த அடி. அந்த இடைவெளியில் கடையில் இருப்பவர்கள் தாமாகவே பின்பாட்டுப் பாடுவார்கள். தெருவில் போகிறவரும் சில நாள் சேர்ந்துகொள்வார். ஊரே பாதித் தூக்கத்தில் பாடுவது போலிருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சதக் காக்காவுடையது நாலு பேர் தப்ஸ் பறை கொட்டி, பைத்து என்கிற பக்திப் பாட்டுப் பாடிய சபா. ஐம்பத்திரண்டில் கிராமபோன் பிளேட்டுக்குப் பாட நாலு பேரும் ராமநாதபுரத்தில் மதராசுக்கு ரயிலேறினார்கள். அதைச் சதக் காக்காவே சொல்வார்:

"'ஒத்தக் கொரலே போதும்'னான் கம்பெனிக்காரன். நானும் தலைய ஆட்டிட்டேன் தம்பி. மத்த மூணு பேரும் மடியில தப்ஸ வச்சுக்கிட்டு வராந்தாவுல இருந்தாக. உள்ள, அவுக பாடுற எடம் வந்தா எனக்கு வாய் தானா மூடிக்கிச்சு."

பிறகு தனியாக இன்னும் இரண்டு பிளேட்டு கொடுத்தார். "அதுல அந்த எடத்தயெல்லாம் பிடில் வாசிச்சு அடச்சுப்புட்டானுவ" என்பார், ஓட்டைப் படகைச் சொல்வதுபோல. அவற்றை அவர் கேட்பதே இல்லை.

வராந்தாவில் இருந்தவர்களில் இருவர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிச்சம் அப்துல் ஹமீது, படகுத் தச்சர். அதே கடையில், அதே நேரத்தில், மூலை பெஞ்சில் டீ குடிப்பார். ஆறு வருஷமாகச் சதக் காக்காவோடு பேச்சில்லை. பின்பாட்டுக்கும் வாய் திறப்பதில்லை. சதக் காக்கா தினமும் எதற்காக வருகிறார் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

"அவரு ஒரு தடவ வாயத் தொறந்தாப் போதும் தம்பி" என்றார் ஒரு நாள், மூலை பெஞ்சைப் பார்த்து. கேலி செய்ததற்கு வெட்கப்பட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பாட்டு முடிந்ததும் ஹமீது கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பக்கத்தையும் போடு நெய்னா."

பிளேட்டின் மறுபக்கத்தில் இருப்பது ஹமீது மெட்டமைத்த பாட்டு. அவர் இருக்கும்போது அதை யாரும் போடுவதில்லை. நெய்னா முகம்மது பால் ஆற்றிக்கொண்டிருந்தார். சதக் காக்காவே எழுந்து போய்ப் பிளேட்டைத் திருப்பினார். ஊசியை வைத்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பாமல் மூலை பெஞ்சில் ஹமீதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.