பெண்ட் பைப்பும் தேங்காய் நாரும்

என் அப்பா பாகூர் ஏரிக்கரையில் திரும்பும்போதே எங்கள் வகுப்புக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கடந்துபோகும்வரை சாக்பீஸோடு காத்திருப்பார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஒன்பது வயதில் மானம் போக அது போதும்.

வண்டி முன்பெல்லாம் பரமசாது. அம்மா அரசாங்கத்துப் பிரசவ நர்ஸ். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் எந்த மூலையில் யாருக்கு வலி கண்டாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். கரும்புக்கொல்லையில் நிற்கும் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்புவார். எப்போது திரும்புவார்கள் என்று இருவருக்குமே தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் அரியாங்குப்பத்து மெக்கானிக்கிடம் போய், பழைய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினிலிருந்து வளைந்து வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பெண்ட் பைப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "இழுவ நல்லாருக்கும்" என்றார். வயசான காலத்தில் ரேஸ் ஆசை வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. நானும்தான்.

இழுவை கிடக்கட்டும், வண்டி ஒழுங்காக ஓடவே மறுத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் பட்டாசு வெடித்தது. எஞ்சின் அடுப்பாகக் கொதித்தது. மூன்றாம் நாள் குருவிநத்தம் போகும் வழியில் நின்றேவிட்டது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்துபோய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. ஆனாலும் அன்று முழுக்க அம்மா அப்பாவோடு பேசவில்லை.

மறுநாள் அப்பா எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போன அம்மா அதைக் கையில் வாங்கினாள்.

"சோகை புடிச்ச பொம்பள நாக்கு மாரி வெளுத்துக் கெடக்குது. சாப்பாடு பத்தலைங்க இதுக்கு."

மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். புதுக் குழாயில் புகை தாராளமாக வெளியே போகிறது, அதனால் எஞ்சின் காற்றைக் கூடுதலாக இழுக்கிறது, அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோல் வரவில்லை. இதைச் சொல்ல அவருக்கு அரைநாள் ஆயிற்று.

பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்பரேட்டருக்குள் ஒரு ஊசி, அதில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஊசியைத் தாங்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். அப்பா மாட்டுவார், ஏரிக்கரை நேர்ரோட்டில் முழு வேகத்தில் விரட்டிச் சட்டென்று எஞ்சினை நிறுத்துவார், பிளக்கைக் கந்தலில் பிடித்துக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுவார். பிரசவம் பார்த்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருக்கும் அம்மா ஒரு கண்ணை மட்டும் திறப்பாள்.

"இன்னும் வெள்ளதான்."

மறுபடியும் ஓட்டம். "இப்ப கரியாட்டம் கீது. அஜீரணம்."

கடைசியில் பெட்ரோல் பாயும் துளை பெரிதாக உள்ள ஜெட் ஒன்றைப் போட்டு, கிளிப்பைப் பழைய பள்ளத்துக்கே ஏற்றிய பிறகு, பிளக் நல்ல டீத்தூள் நிறத்தில் வந்தது.

"ரத்தம் ஊறிடுச்சி," என்றாள் அம்மா. "அந்தச் சத்தத்தயும் கொஞ்சம் கொறச்சா புண்ணியமாப் போவும்." அப்பா காதில் விழாதவர்போலக் கை கழுவப் போய்விட்டார்.

அந்தப் புண்ணியத்தை நான் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தேங்காய் நாரைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் கெட்டியாகத் திணித்தேன். சற்று நேரத்தில் கரையாம்புத்தூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. முந்தின இரவு முழுக்க வேறொரு வீட்டில் கண்விழித்த அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறினாள். அவசரத்தில் அப்பா எதையும் குனிந்து பார்க்கவில்லை. வண்டி முனகிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மாலையில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அம்மா நடந்து வந்தாள். புடவையெல்லாம் புழுதி, இடது கை அப்பாவின் துண்டில் தொங்கியது. திரும்பி வரும் வழியில் பின்சீட்டிலிருந்து விழுந்துவிட்டாளாம். அதன்பிறகு வண்டியும் கிளம்பவில்லை. பிளக் முழுக்கக் கரி.

"இன்னிக்குத்தான் வண்டி பூன மாரி போச்சி," என்றாள் அம்மா. "அப்டியே அசந்துட்டேன்."

என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து, "நான்தாம்மா நாரு வச்சேன்" என்றேன்.

அப்பா அடிக்கவில்லை. குழாயிலிருந்து நாரை இழுத்துப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"சத்தத்துல முழிச்சிக்கினு வருவன்னுதான்டி இத மாட்டினேன். முன்னாடியே ரெண்டு வாட்டி என் முதுவுலேர்ந்து சரிஞ்ச. நான் புடிச்சேன், உனுக்குத் தெரியாது."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நடந்தே போறேம்ப."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது, ஒன்றும் ஏறவில்லை. இன்று வேலை முடிந்து பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறவள் நான். அன்றைக்கு, தூக்கம் என்றால் பாய் விரித்தால் வருவது.

அப்பா பிளக்கைச் சுரண்டி மாட்டி வண்டியை உதைத்தார். அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் ஒற்றைக் கையால் பிடித்து ஏறி, அவர் முதுகில் தலையைச் சாய்த்தாள். அவர் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை முறுக்கினார். தெருவே அதிர்ந்தது. அம்மா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். கை உடைந்தவளைக்கூடக் கொஞ்சம் தூங்கவிடாத மனுஷன் என்று எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.